அப்பா இறங்கிய பக்கம்

லாசால், மொன்றியல்
வைகாசி, வியாழக்கிழமை

அன்பு மகன் அனுஜனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், படுத்து எழும்புகிறோம், அப்பாவின் மாத்திரைகள் நேரத்துக்கு உள்ளே போகின்றன. நலம் என்று எழுத எடுத்த கை அந்த இடத்தில் நின்றுவிட்டது, அப்படி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். நீ அங்கே ஜப்பானில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். கோபத்தோடு கேட்டேன், ஆனாலும் கேட்டேன். போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் சிரித்து வேறு கதைக்குப் போய்விடுகிறாய், அல்லது கஸ்டமர் வந்துவிட்டார் என்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை, வெட்டிவிட்டாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் நீ கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தானே சனிக்கிழமை சனிக்கிழமையாக உன்னை இழுத்துக்கொண்டு போய்த் தமிழ் வகுப்பில் இருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய் என்பதை உன் வாயாலேயே எழுதிவைக்கிறேன். "ஏன் அம்மா ஞானேந்திரன் அண்ணையிட்ட உதெல்லாம் சொன்னனீங்கள்? கையில வந்த ஓடர் போச்சுது. உங்களுக்கு என்ர தொழில் விளங்காது, தயவுசெய்து உதுக்குள்ள தலையிடாதேங்கோ." இவ்வளவும் சொல்லிவிட்டு, அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு சொல் கேட்காமல் வைத்துவிட்டாய். ஞானேந்திரனிடம் நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். பழைய வாகனங்களை ஏலத்தில் எடுத்துக் கப்பலில் ஏற்றி விற்கிற உன் தொழில் எனக்கு விளங்காதுதான், மகன். ஆனால் உன் தொழில் எங்கள் வாசலுக்கு வந்து என்ன செய்தது என்பது எனக்கு நன்றாக விளங்கும், உனக்குத்தான் விளங்கவில்லை. உனக்கு முழுவதும் சொல்ல வேண்டாம் என்று அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டார், நானும் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனிமேல் இருக்க மாட்டேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு பனிக்காலம் போய்விட்டது. வலப்பக்கக் கையும் காலும் விழுந்து, நாக்கும் தடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மனிதரைப் பார்க்க நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய், பேந்து விசா புதுப்பிக்கிறார்கள் வெளியே போக முடியாது என்றாய், பேந்து அக்கா இருக்கிறாதானே என்றாய். பிறகு ஒரு நாள் பெரிய சந்தோசத்தோடு கூப்பிட்டு, அப்பாவுக்கு ஒரு வான் வாங்கி அனுப்பப் போறன் என்றாய். அங்கே வயதானவர்களுக்கு என்றே செய்த பழைய வான்கள் ஏலத்தில் வரும், முன் சீற் அப்படியே வெளியே திரும்பி ஆளோடு கீழே இறங்கும், அப்பா காலைத் தூக்கவும் தேவையில்லை குனியவும் தேவையில்லை என்றாய். கியூபெக்கில் வலப்பக்க ஸ்டியரிங் வாகனம் என்றால் நல்லாப் பழசாய் இருந்தால்தான் விடுவார்கள், அதனால் பார்த்துப் பழசாகவே எடுத்திருக்கிறேன் என்றும் சொன்னாய். இவ்வளவும் யோசித்த பிள்ளை நீ.

அப்பா அந்தப் படங்களை எத்தனை பேருக்குக் காட்டினார் என்று உனக்குத் தெரியாது. வருத்தக்காரரை ஏற்றிப் போகும் பொது வானுக்கு முதல்நாளே சொல்லிவைத்து, ஏறி, அங்கே ஒருவர் இங்கே ஒருவர் என்று எல்லோரையும் இறக்கிக்கொண்டு, தன் முறை வரும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று நீ யோசித்துப் பார். புவாண்ட்-கிளேர் வெயர்ஹவுஸில் வேலை செய்த காலமெல்லாம் பனி என்ன மழை என்ன தன் காரில் தானே போய் வந்த மனிதர். லைசென்ஸை எடுத்துப்போட்ட அன்றைக்கு அவர் அழவில்லை, கார்த் திறப்பைக் கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு வந்து படுத்தார். அந்த மனிதருக்கு நீ வான் அனுப்புகிறேன் என்றதும் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறுக்கவில்லை. கோயிலில் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் "மகன் கப்பல்ல அனுப்பியிருக்கிறான்" என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னார். கப்பல் எங்கே நிற்கிறது என்று அக்காவின் போனில் தினமும் பார்ப்பார். பசுபிக் சமுத்திரத்தின் நடுவில் ஒரு சின்னப் புள்ளியைக் காட்டி, "அதுக்குள்ள நிக்குது" என்பார்.

வான்கூவரில் இறக்கி ரயிலில் ஏற்றி இங்கே வந்து சேர்ந்ததும் அலைந்தது யார்? நீ இல்லை, உன் அக்கா நிரஞ்சனி. வேலைக்கு லீவு போட்டு, தன் சின்னவனைக் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டு ஓடி, சுங்கத்தில் நின்று, லைற் மாற்றி, மெக்கானிக்கிடம் காட்டி, காப்புறுதிக்காரர் ஒருவர் பின் ஒருவராக முடியாது என்று சொல்ல எல்லோரோடும் பிரெஞ்சில் வாதாடி, கடைசியில் நம்பர் பிளேட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். அத்தான் ஜெனாட் புது ரயர் போட்டுத் தந்தார். ஒரு நாள்கூட உன்னைக் குறை சொல்லவில்லை இரண்டு பேரும். நீ அவளுக்கு நன்றி என்று ஒரு படம் அனுப்பினாய், இரண்டு கை கூப்பின படம்.

முதல் தடவை எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் பார்க்கிங்கில் வைத்துத்தான் அப்பாவை ஏற்றினோம். சுவிச்சை அழுத்த அந்தச் சீற் மெல்ல வெளியே திரும்பி, இறங்கி, அவருக்கு முன்னால் வந்து நின்றது. நான்கூடக் கைதட்டினேன். மேலே தூக்கி உள்ளே திருப்பியதும் அப்பா இடப்பக்கத்தில், இந்த ஊரில் டிரைவர் இருக்கும் இடத்தில் இருந்தார். அக்கா வலப்பக்கத்தில் இருந்து ஓட்டினாள். ஒரு சிவப்பு லைற்றில் பக்கத்துக் கார்க்காரன் அப்பாவைத்தான் டிரைவர் என்று நினைத்துக் கை காட்டி, பிறகு ஸ்டியரிங் இல்லாததைக் கண்டு வாயைப் பிளந்தான். அப்பா இரண்டு வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சத்தம் போட்டுச் சிரித்தார். திரும்பி வந்து இறக்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார், அதை அக்கா வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினாள். உன் மனம் குளிரட்டும் என்று அனுப்பினாள். அதைக் கொண்டு நீ என்ன செய்தாய் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

குருத்தோலை ஞாயிறு அன்றைக்கு அப்பா வானில்தான் கோயிலுக்குப் போவேன் என்றார். நீல ஜக்கற்றைப் போட்டு, ஷேவ் எடுத்து, விடிந்ததில் இருந்து ஆயத்தமாக இருந்தார். மழை தூறிக்கொண்டு இருந்தது. கோயிலுக்கு முன்னால் உள்ள தெரு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், இரண்டு பக்கமும் வாகனம் ஓடுகிற தெரு, பஸ்ஸும் போகும். அக்கா எல்லோரையும் போல வலப்பக்கக் கரையோரமாக நிற்பாட்டினாள். நான் பின்னால் இருந்து இறங்கி நடைபாதையில் அப்பாவின் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா இறங்கி வரப்போகும் கதவு நான் நின்ற பக்கம் இல்லை என்பது எனக்கு அந்த நேரம்தான் விளங்கியது. நான் வானைச் சுற்றி ஓடுவதற்குள் அக்கா கண்ணாடியில் ஒரு வாகனமும் இல்லை என்று பார்த்துச் சுவிச்சை அழுத்திவிட்டாள். உன் அப்பா தெருவின் நடுவுக்குத் திரும்பினார்.

திரும்பி, பாதி இறங்கி, அந்தச் சீற் நின்றுவிட்டது. அழுத்தினால் கீழேயும் போகவில்லை மேலேயும் போகவில்லை. இரண்டு காலும் நிலத்தில் முட்டாமல், பெல்ற் போட்டபடி, மழையில், ஓடுகிற வாகனங்களுக்கு முன்னால் அந்த மனிதர் அந்தரத்தில் இருந்தார். ஒரு கார் அவருடைய முழங்காலை உரசுகிற மாதிரிப் போனது. அதற்குப் பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான், அதற்குப் பின்னால் வந்தவனும் அடித்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தெருவில் போய் நின்றேன். அறுபத்தாறு வயதில், கோயில் சீலையோடு, வாகனங்களைப் பார்த்து நில்லுங்கோ நில்லுங்கோ என்று தமிழில் கத்தினேன், எனக்குப் பிரெஞ்சும் வரவில்லை இங்கிலிசும் வரவில்லை. அக்கா கையால் சுற்றி இறக்குகிற கம்பி ஒன்று இருக்கும் என்று தேடினாள். கம்பி இருந்தது. எங்கே மாட்டுவது என்று எழுதியும் இருந்தது, ஜப்பான் மொழியில். உனக்குக் கூப்பிட்டாள். எப்பவும் கூப்பிடலாம் அக்கா என்று சொல்லியிருந்தாய்தானே. நீ எடுக்கவில்லை. பிறகு அதற்குப் பதிலாக வேலையாய் இருந்தேன் என்று ஒரு வரி போட்டிருந்தாய்.

எங்களைக் காப்பாற்றியது யார் தெரியுமா, ஒரு பஸ் டிரைவர். வெள்ளைக்காரப் பெண், நிரஞ்சனியின் வயதுதான் இருக்கும். பஸ்ஸைக் குறுக்கே கொண்டுவந்து தெருவை மறித்து நிற்பாட்டி, லைற்றுகளை எல்லாம் மின்ன விட்டு, இறங்கி வந்து அப்பாவின் தோளில் கை வைத்து, "அவசரப்படாதீங்கோ மிஸ்யூ, எல்லாரும் நிப்பினம்" என்று பிரெஞ்சில் சொன்னதாக அக்கா பிறகு சொன்னாள். கோயிலுக்குள் இருந்து குருத்தோலை பிடித்த கையோடு இரண்டு ஆண்கள் ஓடி வந்தார்கள். பெல்ற்றைக் கழற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி அவரை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அவருடைய காற்சட்டை நனைந்திருந்தது. மழை என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் அப்படித்தான் சொன்னேன், மழையில் நனைஞ்சிட்டார், உடுப்பு மாத்த வேணும் என்று. அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஒருவரையும் பார்க்கவில்லை. கோயிலுக்குள்ளே போகாமல் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தோம். வீட்டில் நான் அவருக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார், "தம்பியிட்டச் சொல்லாதை, அவன் ஆசையா அனுப்பினவன்."

ஆசையாக அனுப்பினாய், ஓம். ஆனால் மகன், அந்த நாட்டில் வாகனம் இடப்பக்கத்தால் போகிறது, அங்கே அந்தக் கதவைத் திறந்தால் நடைபாதை. இங்கே வலப்பக்கத்தால் போகிறது, அதே கதவைத் திறந்தால் நடுத்தெரு. இது ஒரு பெரிய கணக்கா? நாங்கள் முன்பே யோசிக்கவில்லை, உண்மைதான், பின் பார்க்கிங்கில் வைத்து ஏற்றி இறக்கியதால் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் தொழில் அது இல்லை. நீ விடிந்தால் பொழுதுபட்டால் இதைத்தானே செய்கிறாய். எந்த நாட்டுக்கு எந்தக் கப்பல், எந்த நாட்டில் எவ்வளவு பழசு விடுவார்கள், எல்லாம் தலைகீழாகச் சொல்வாய். இந்த மொன்றியல் தெருக்களில் சைக்கிள் ஓடித் திரிந்த பிள்ளை நீ. வாங்குவதற்கு முதல் ஒரு நிமிசம் கண்ணை மூடி, அப்பா இதில் இருந்து எங்கே இறங்குவார் என்று யோசித்திருந்தால் போதும். சீற்றை யோசித்தாய், கப்பலை யோசித்தாய், சட்டத்தை யோசித்தாய், அப்பாவை யோசிக்கவில்லை.

சீற் கொஞ்சம் இறுகிப்போச்சு, இறங்கும் பக்கமும் சரியில்லை என்று மட்டும் அக்கா உனக்குச் சொன்னாள். நீ என்ன சொன்னாய்? "இடப்பக்கமாப் பார்க் பண்ணச் சொல்லுங்கோ, அவ்வளவுதானே." ஒருவழித் தெருவில் இடப்பக்கம் நிற்பாட்டலாம், அது அக்காவுக்கும் தெரியும். நோத்ர-டாம்-த-கிரேஸில் தன் வீட்டுப் பக்கம் அப்படித் தெருக்கள் இருக்கின்றன, அங்கே கூட்டிக்கொண்டு போறன் என்று அவள் கெஞ்சினாள். கோயில் அந்தத் தெருவில் இல்லையே. அப்பாவும் வர மாட்டேன் என்றுவிட்டார். பெரிய வெள்ளிக்கும் போகவில்லை, பாஸ்காவுக்கும் போகவில்லை. சுவாமியார் நற்கருணை கொண்டு வீட்டுக்கு வந்தபோது படுத்திருக்கிறார் என்று சொல்லச் சொன்னார், நான் பொய் சொன்னேன். தெரப்பிக்கும் போகாமல் நின்றார், பொது வான் வந்து வாசலில் நின்று திரும்பிப் போனது. நடை பழகியிருந்த கால் மறுபடி இழுக்கத் தொடங்கியது. இதுதான் உன்னுடைய "அவ்வளவுதானே."

இதற்கிடையில் றோசா வந்தாள். கோயில் பாடகர் குழுவில் என்னோடு பாடுகிறவள், அப்பாவைப் பார்க்க ஆட்டிறைச்சிக் கறியோடு வந்தாள். வந்து இருந்ததும் போனை எடுத்து, "அக்கா, உங்கட மகன்ர வீடியோ பார்த்தனீங்களோ, எங்கட தேவதாசன் அண்ணை ஸ்டார் ஆகிட்டார்" என்று காட்டினாள். அப்பா சிரிக்கிறார், சீற் திரும்புகிறது, இறங்குகிறது, பின்னால் ஒரு பாட்டு, அப்பா கஷ்டப்பட்டு ஒரு சொல் சொல்ல வாயெடுக்கிற இடங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் உன் கொம்பனியின் பெயர். எந்த நாட்டுக்கும் அனுப்புவோம், என் சொந்த அப்பாவே மொன்றியலில் பாவிக்கிறார் என்று உன் குரலில் சொல்கிறாய். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் இருந்தார். அவர் எழும்ப முயன்றார், முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். றோசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம், இன்னொரு தரம் போட்டாள்.

ஒரு சொல் கேட்டாயா, மகன்? அக்காவிடம் கேட்டாயா, என்னிடம் கேட்டாயா, அந்த மனிதரிடம் கேட்டாயா? உனக்கென்று அனுப்பியதை எடுத்து ஊருக்கெல்லாம் விற்றாய். அதுவும் குருத்தோலை ஞாயிறுக்குப் பிறகு, பக்கம் சரியில்லை என்று அக்கா உனக்குச் சொன்னதற்குப் பிறகு போட்டிருக்கிறாய். றோசா திகதியைக் காட்டினாள். தெரிந்துகொண்டே போட்டிருக்கிறாய். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தெரியாமல் செய்தது ஒன்று, தெரிந்து செய்தது வேறு.

அதற்குப் பிறகுதான் ஞானேந்திரன் வந்தார். அவரை உனக்குத் தெரியும், கீழ்மாடியில் இருந்தவர், இப்போது வீடு வாங்கிப் போய்விட்டார். அவருடைய தாய்க்கு எண்பது தாண்டிவிட்டது, இடுப்பு உடைந்து சத்திரசிகிச்சை செய்தது. "அக்கா, நானும் ஒண்டு தம்பியிட்டச் சொல்லியிருக்கிறன், காசு அனுப்ப முதல் ஒருக்கா உங்கட வானைப் பார்த்திட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்றார். நான் அவரைப் பின் பார்க்கிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வானைச் சுற்றிப் பார்த்தார், ஜப்பான்காரர் நல்லாய் வைச்சிருக்கிறாங்கள் என்று மெச்சினார். பேசாமல் நிற்கலாம் என்று நானும் ஒரு கணம் நினைத்தேன், உன் பிழைப்பு என்று நினைத்தேன். ஆனால் அந்த மனிசி இடுப்பு உடைந்த உடம்போடு தெருவின் நடுவில் இறங்குவதை என் கண் பார்த்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். காற்சட்டை நனைந்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் அந்தக் கதவைத் திறந்து மூடிவிட்டு, "தம்பி இதைச் சொல்லேல்லையே அக்கா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், நீ சொல். என் மகன் மறந்துவிட்டான் என்றா, மறைத்துவிட்டான் என்றா? நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உன்னைப் பெற்றதற்கு நான் தலை குனிந்தது அதுதான் முதல் தரம்.

இதற்குத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு என்னோடு பாய்ந்தாய். உன் ஓடர் போனதற்கு நான் கவலைப்படவில்லை, இன்னொரு தரம் கேட்டாலும் இன்னொரு தரம் சொல்வேன். நீ அங்கே தனியாக எவ்வளவு பாடுபடுகிறாய் என்று தெரியாதவள் இல்லை நான். வாடகை, முதலாளி, மாசம் இத்தனை வாகனம் விற்க வேண்டும் என்ற நெருக்குதல், எல்லாம் அக்கா சொல்லித் தெரியும். விற்பனை செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இறங்கினால் எந்தப் பக்கம் என்று வாங்குகிறவனுக்குச் சொல்லிவிட்டு விற்பனை செய். சொன்னால் வாங்க மாட்டார்கள் என்றால் அதை விற்காதே. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், வான் வந்ததில் இருந்து நீ வருவதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டாய். கடனைத் தீர்த்துவிட்ட மாதிரி. நாங்கள் உன்னிடம் வாகனம் கேட்கவில்லை அனுஜன். ஒரு நாளும் கேட்கவில்லை.

நீ என்னோடு பாய்ந்தது ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நீ வெட்டியதும் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். நான் குசினிக்குள் போய் நின்றேன். பின்னேரம் அக்கா வந்ததும் அப்பா ஷேவ் எடுத்துவிடச் சொன்னார், நீல ஜக்கற்றைக் கேட்டார். எங்கே அப்பா என்று கேட்டதற்கு "வானுக்கு" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவோடு வந்த அத்தான் அந்தச் சீற்றின் மோட்டரை முன்பே கழற்றிச் சுத்தம் செய்து வைத்திருந்தார், பின் பார்க்கிங்கில் பல தரம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவை இருத்தினார். தெரு வேண்டாம், ஆற்றுப் பக்கம் போ என்றார் அப்பா. லாசாலில் ஆற்றோரப் பூங்காவில், தண்ணீர் கல்லில் மோதிச் சத்தம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், அந்தப் பார்க்கிங் பெரிய வெளி. வாகனங்கள் தூரத்தில்தான் நின்றன. எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒன்றுதான்.

சீற் திரும்ப முதல் அக்காவைப் பார்த்து, போனை எடு, படம் பிடி என்று கை காட்டினார். அவள் மாட்டேன் என்றாள், ஒரு தரம் எடுத்து அனுப்பியது போதும் என்று அழுதாள். "எடு பிள்ளை, இது நான் கேட்டு எடுக்கிறது" என்றார். பிறகு இறங்கினார், இறங்கியபடியே பேசினார். அவர் இப்போது எப்படிப் பேசுவார் என்று உனக்குத் தெரியாது, நீ போனில் அவருக்கு அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "என்ர பேர் தேவதாசன். இது நல்ல வான். சீற் நல்லா வேலை செய்யிது. ஆனா கனடாவில இது றோட்டுப் பக்கமா இறக்கும். என்னை இறக்கினது. ஆபத்து. பின்கதவால ஏத்துற வான் இருந்தால் அதைக் கேளுங்கோ. இல்லாட்டி வாங்காதேங்கோ." அவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது. நாங்கள் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். முடியவில்லை. "இதை எனக்கு அனுப்பினது என்ர மகன்" என்றார், பிறகு உன் பெயரைச் சொல்லப் போனார். வரவில்லை. இந்த வருத்தத்தில் பெயர்கள்தான் கடைசியாகத் திரும்பி வரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள், அப்பா இடக்கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். ஆற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உதடு மட்டும் அசைந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாய் வந்து மணந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு "அனுஜன்" என்றார். "அவன் நல்லவன். அவனுக்கு இது தெரியாது. இப்ப தெரியும்."

திரும்பி வரும்போது ஜன்னலைத் திறக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை தெரப்பிக்குப் போனார், பொது வானில்தான், முறுமுறுத்துக்கொண்டு போனார். வானை விற்கும் யோசனை இல்லை, ஆற்றுப் பக்கம் போகவும் அக்கா வீட்டுத் தெருவுக்குப் போகவும் அது இருக்கட்டும் என்கிறார். சின்னவனைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு பின்னேரங்களில் போவார்களாம், அவன் அப்பாவைத் தாத்தா என்பதற்குப் பப்பி என்று கூப்பிட்டுப் பிரெஞ்சில் பொழிகிறான், அப்பாவுக்கு விளங்குகிறதோ இல்லையோ தலையாட்டுகிறார்.

அந்த வீடியோவை அக்கா இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும் நாளில் அனுப்புவாள், அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ செய்ய வேண்டியது இதுதான். முன்பு போட்டதை எடு, அதே இடத்தில் இதைப் போடு. முதலாளி கோபித்தால் கோபிக்கட்டும், உனக்கு வேறு வேலை கிடைக்கும், இந்த அப்பா கிடைக்க மாட்டார். ஞானேந்திரனோடு நான் போய்க் கதைக்க மாட்டேன், நீயே எடுத்துக் கதை, மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்த மனிசிக்கு எது பொருத்தம் என்று சொல். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சொல். அப்பா உன்னை நல்லவன் என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டார். அது உண்மையா இல்லையா என்பதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு இன்னும் தெரியவில்லை.

வெறும் நூடில்ஸைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அங்கே மழைக்காலம் வரப்போகிறது என்று சொன்னாய், அந்தக் கப்பல்துறையில் நனையாமல் நில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எவ்வளவு தூரம் என்றாலும் போ, போய் உன் அப்பாவுக்காக முழங்காலில் நில், அவரால் முடியாது. மடுமாதா உன்னைத் தன் சேலைத்தலைப்புக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நல்ல புத்தியையும் தரட்டும். அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் இருக்கிறது, அதற்கு நான் கேட்க வேண்டியதில்லை. என்னுடையதும் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு அது கொஞ்சம் கைக்குள் இறுகித்தான் கிடக்கிறது.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. அந்த வீடியோவுக்குப் பாட்டுப் போடாதே. உன் பெயர் வருவதற்கு முன்னால் ஒரு நீண்ட இடம் சும்மா கிடக்கும், ஆறு மட்டும் கேட்கும். அந்த இடத்தை வெட்டாதே.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
செலீன் தேவதாசன்